வெந்த பல்லை மறுபடி வேகவைப்பது பற்றி

கழற்றி வைத்த பல் செட் எச்சிலா, இல்லையா?

பல் மருத்துவமனையில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவளுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. வாயில் இருக்கிறவரை அது பல். யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளியே எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டதும் அது என்ன ஆகிறது? அதைச் சமையலறைக் குழாயில் அலம்பலாமா, குளியலறைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா? அலம்பிய கையோடு அரிசி களையலாமா? நான் படித்த பாடப் புத்தகங்களை எழுதிய வெள்ளைக்காரர்கள் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. கொடுத்து வைத்தவர்கள்.

புனேயில் எங்கள் தமிழர் வட்டம் வெளியிடும் ஆண்டு மலரில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதுவது வழக்கம். வங்கி மேலாளர்கள், ராணுவக் கணக்கு அலுவலகத்து அதிகாரிகள், பள்ளி ஆசிரியைகள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை என்னைக் கேட்டார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. "வேலையை விட்டாச்சோல்லியோ? அப்பறம் என்ன, ரிடையர்டுதான்" என்றார் மலர்க் குழுச் செயலாளர். குழந்தை பெற்றவளுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று நம்பும் ஒரு மனிதரை ஏமாற்ற மனம் வராமல் ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவமனையில் என் இடத்துக்கு வந்திருக்கும் பிராஜக்தா போன வாரம் போன் செய்தாள். வருகிற முதியவர்களின் பிள்ளைகள் எல்லோரும் இப்போது இம்ப்ளாண்ட்தான் கேட்கிறார்களாம். தாடை எலும்பில் திருகாணியை இறக்கி அதன்மேல் பல்லைப் பொருத்துவது. கழற்ற வேண்டாம், தண்ணீரில் போட வேண்டாம், ரயிலில் மறந்துவிட்டு வர முடியாது. அந்தக் காலத்தில் கழற்றும் செட்டை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். நீராவி ரயிலுக்குக் கரி அள்ளிப் போட்டவளிடம் கேட்பது போல இருந்தது. 'அந்தக் காலம்' என்று அவள் சொன்னது தொண்ணூறுகளை.

என் படிப்பைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். அப்பாவுக்குப் பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு டாக்டர் ஆகிற அளவுக்கு மார்க் வரவில்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற அளவுக்கு வந்தது. டிப்ளமா முடித்தேன். பிறர் பல்லில் படிந்த காரையைச் சுரண்டவும், அச்செடுக்கும் மாவைக் கட்டி தட்டாமல் குழைக்கவும், "இன்னும் கொஞ்சம் திறங்க" என்று நான்கு மொழிகளில் சொல்லவும் கற்றுக்கொண்டேன். 1993இல் சதாசிவ் பேட்டில் டாக்டர் லிமயேயிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

டாக்டர் லிமயே குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பலகையில் எழுதுவார். காத்திருக்கும் அறையில் ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் அதற்கென்றே இருந்தன. நான் சேர்ந்த அன்று அதில் மராத்தியில் எழுதியிருந்தது இது: "வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் நாளைச் சொல்லவும். வரலாறு வேண்டாம்." கொஞ்ச நாள் கழித்து: "பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வைத்தியம் பலிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கே போகவும்." ஒரு தடவை மதியத் தூக்கத்தில் யாரோ மணி அடித்து எழுப்பிவிட்டார்கள். மறுநாள் பலகையில்: "ஒன்று முதல் நான்கு வரை பல் வலிக்கக் கூடாது." வேறு ஊரில் இப்படி எழுதினால் கூட்டம் குறையும். சதாசிவ் பேட்டில் அதைப் படிக்கவே ஆட்கள் வந்தார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஏரவாடாவிலிருந்து வரும் கிழவிகள், ஈறு முழுக்க மிஷ்ரி, அதாவது வறுத்த புகையிலைப் பொடி, தேய்த்துத் தேய்த்துக் கறுத்துப்போய், பல்லைக் காப்பாற்றத்தான் தேய்த்தோம் என்பார்கள். கடக்வாஸ்லா பக்கத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், தன் பழைய மேலதிகாரியின் பல் வரிசை மாதிரியே வேண்டும் என்றார். பணியில் இருந்தபோது கிடைக்காத பதவி உயர்வு வாயிலாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு குடும்பம் காலமான தகப்பனாரின் பல் செட்டை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, சும்மாதானே கிடக்கிறது, சித்தப்பாவுக்குப் பொருத்த முடியுமா என்று கேட்டது. சித்தப்பா கூடவே வந்திருந்தார். ஆர்வமாகத்தான் இருந்தார். டாக்டர் எழுந்துபோய்ப் பலகையில் எழுதிவிட்டு வந்தார்: "பல் பரம்பரைச் சொத்து அல்ல."

இவர்களையெல்லாம் மறந்துவிடலாம். மறக்க முடியாதவர் வைத்தீஸ்வர சாஸ்திரிகள்.

ராஸ்தா பேட்டில் இருந்தார். எழுபதை ஒட்டிய வயது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணம், திவசம், கிரகப்பிரவேசம் எல்லாம் அவர் வாயால்தான் நடந்தன. சர்க்கரை வியாதி பற்களை ஒவ்வொன்றாக ஆட்டி, கடைசிப் பல்லும் போனபோது 'ஷ'வும் 'ஸ'வும் வெறும் காற்றாகிவிட்டன. ஆவணி அவிட்டம் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மண்டபத்தில் எல்லோருக்கும் பூணூல் மாற்றி வைத்து மந்திரம் சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். அன்றைய ஜபத்திலோ 'ஷ' இல்லாத இடமே கிடையாது. விழாக் குழுவினர் அவர் வீட்டுக்கே வந்து, இந்த வருஷம் பெரியவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மும்பை மாதுங்காவிலிருந்து ஒருவரை வரவழைக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். மரியாதையாகக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷம் வேறொருவர் வந்தால் மறுவருஷமும் அவரே வருவார். கல்யாணமும் திவசமும் அவர் பின்னால் போகும். பென்ஷன் இல்லாத தொழில் அது.

அதனால்தான் வந்தார். நாற்காலியில் ஏறும்முன் அங்கவஸ்திரத்தை அதன்மேல் விரித்துக்கொண்டார்.

முதலில் அச்செடுக்க வேண்டும். நான் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்தபோது, அது என்ன பொருள் என்று கேட்டார்.

"கடல்பாசி மாமா. அதுலேர்ந்து எடுக்கறது."

"பாசின்னா தாவரம். சரி, போடு."

அடுத்த முறை நுணுக்கமான அச்சுக்கு வேறொரு பசை. அதில் லவங்கத் தைலம் இருக்கிறது என்றேன். முகர்ந்து பார்த்து அதற்கும் அனுமதி கொடுத்தார். மெழுகு எதில் செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். அவர் சாப்பிடப் போவதில்லை, கடிக்கத்தான் போகிறார் என்று சொல்லிவிடு என்றார். சாஸ்திரிகளுக்கு மராத்தி நன்றாகவே தெரியும். சிரித்துவிட்டுக் கடித்தார்.

பிறகு அளவு. டாக்டர் லிமயே மூக்கு நுனியில் ஒரு புள்ளி, மோவாயில் ஒரு புள்ளி வைப்பார். எச்சிலை விழுங்கச் சொல்லி, 'ம்' என்று சொல்லச் சொல்லி, கவராயத்தால் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளப்பார். மறுபடி விழுங்கச் சொல்வார், மறுபடி அளப்பார். மெழுகை அரிசி மணி அளவு சீவுவார். மறுபடி. அளவு கொஞ்சம் குறைந்தால் முகம் பிடிகொழுக்கட்டை போலச் சுருங்கும். கொஞ்சம் கூடினால் குதிரை. அவசரப்பட்டு நான் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். "அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமா, நீயா?" என்றார், கவராயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெழுகில் பல்லை நட்டு வாயில் வைத்துப் பார்க்கும் நாளில் பேச்சுச் சோதனை. டாக்டரின் சோதனை மராத்தியில் அறுபத்தாறு: "ஸஹாஸஷ்ட" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு எண்ணில் காற்று எங்கே ஓடிப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சாஸ்திரிகள் எண்ணைச் சொல்லிவிட்டு, இது போதாது என்று ஜபத்தையே ஆரம்பித்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மேல் முன்பற்களை மயிரிழை உள்ளே தள்ளினார். "பல் என் பொறுப்பு. ஸ்வரம் உங்கள் பொறுப்பு" என்றார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செட் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் தமிழில் எல்லாம் எடுத்துச் சொன்னேன். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடவும். மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கவும். வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. சாஸ்திரிகளும் அவர் மனைவி காமு மாமியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். சாப்பிடும்போது கழற்றிவிடுவேன் என்று சாஸ்திரிகள் சொன்னார். உலகத்தில் எல்லோரும் சாப்பிடத்தான் பல் செட் கட்டுவார்கள், பேசும்போது தொந்தரவென்று கழற்றுவார்கள். இவர் மந்திரத்துக்குப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக் கழற்றினார். இதுவும் என் பாடப் புத்தகத்தில் இல்லை.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். மேல் செட் தாம்பாளத்தில் வைத்த தேங்காய் மூடி போல ஆடியது. ஒரு கிரகப்பிரவேசத்தில் 'ஸ்வாஹா' என்றபோது நெய்யோடு பல்லும் அக்னிக்குப் போயிருக்க வேண்டியது; அங்கவஸ்திரத்தால் பிடித்துவிட்டாராம். டாக்டர் உள்பக்கம் அச்செடுத்துச் சரிசெய்தார். மறுபடி ஆடியது. புது செட்டே செய்தார். அதுவும் ஆடியது.

எந்த அலுவலகத்திலும் நடப்பது இங்கேயும் நடந்தது. டாக்டர், பல் செய்யும் லாப் டெக்னீஷியன் ஷிண்டேயைக் குறை சொன்னார். ஷிண்டே, அச்சு சரியில்லை என்றார். அச்சு மாவைக் குழைத்தவள் நான். அந்த நாட்களில் வீட்டில் தோசை மாவைக் கரைக்கும்போதுகூடக் கட்டி தட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, அன்றைக்கு அறை சூடாக இருந்ததா? எனக்குப் பதில் தெரியாத கேள்விகளுக்கு எப்போதுமே பஞ்சமில்லை.

கடைசியில் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். சர்க்கரையால் ஈறும் எலும்பும் வேகமாகக் கரைகின்றன. ஈறைக் கீறி ஆழப்படுத்தினால்தான் செட் நிற்கும். சர்க்கரைக்காரருக்கு அந்த வயதில் வாய்க்குள் கத்தி. புண் ஆறுமா என்பது ஒரு பயம். ஆவணி அவிட்டத்துக்குள் ஆறாது என்பது நிச்சயம். சாஸ்திரிகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "எங்கேயோ ஸ்வரத்தைத் தப்பாச் சொல்லியிருக்கேன்மா. இல்லேன்னா அந்த மண்டபத்துக்கே போகவிடாம இப்படி நிறுத்துவானா?"

கீறுவதற்கு நாள் குறிக்க வந்த அன்று நல்ல மழை. மாமியும் கூட வந்திருந்தார். சாஸ்திரிகள் உள்ளே நாற்காலியில் இருந்தார். நான் வெளி அறை மூலையில், கொதிக்கும் கொப்பரையிலிருந்து கருவிகளை இடுக்கியால் எடுத்துத் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமி அதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் என்னை மாதிரிதான். நானும் அவர் பல்லை தினம் ஒரு கொதி விட்டுத்தான் எடுப்பேன்."

இடுக்கி என் கையில் அப்படியே நின்றது. "எதை மாமி?"

"பல்லைத்தான். டிகாக்‌ஷனுக்கு வெந்நீர் வெக்கறச்சே பக்கத்து அடுப்புல. யார் யார் கையெல்லாமோ பட்டது. அதை வாயில வெச்சுண்டு அவர் வேதம் சொல்லணுமே."

"வெந்நீர் கூடாதுன்னு சொன்னேனே மாமி."

"வெந்நீர்ல ஊறவெக்கக் கூடாதுன்னு சொன்னே. நான் எங்கே ஊறவெச்சேன்? தளதளன்னு கொதிக்கறச்சே போட்டு, ஒரு கொதி வந்ததும் எடுத்துடறேன்."

கொதிக்கிற நீரில் அந்தப் பிளாஸ்டிக் மெல்ல நெளிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது; அண்ணத்துக்குத் தெரியும். இரண்டு செட்டையும் தினமும் பொழுது விடியும்போது மாமி பக்தியோடு நெளித்துக்கொண்டிருந்தார். எலும்பு கரையவில்லை. பாவமும் ஏதுமில்லை. மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவர் ஸ்நானம் பண்ணப் போயிருப்பார். அவர்கிட்ட சொல்லிடாதேடிம்மா. தான் பண்ணின பாவம்னு இத்தனை நாளா உருகிண்டிருக்கார். என் கையால ஆச்சுன்னு தெரிஞ்சா என் மூஞ்சியை எப்படிப் பார்ப்பார்?"

உள்ளே டாக்டர் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொல்லாவிட்டால் கத்தி. சொன்னால் மாமி. நான் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தேன். நடுவழி கண்டுபிடிப்பதில் எனக்கு இணை கிடையாது. "சர், வீட்டில் யாரோ பல்லைச் சூடாக்குகிறார்கள் போலிருக்கிறது" என்றேன் மராத்தியில். அந்த வீட்டில் இருந்தவர்களே இரண்டு பேர்தான் என்பது சொன்ன பிறகே உறைத்தது.

டாக்டர் நாள்காட்டியை மூடினார். "யார் சமைத்தது?"

வாசற்படியில் மாமி குடையோடு நின்றிருந்தார். குடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. சாஸ்திரிகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான்தான்" என்றார். "மடிக்காகப் பண்ணினேன்."

"எவ்வளவு நேரம்?"

சாஸ்திரிகள் வாசல் பக்கம் பார்க்கவில்லை. "ஒரு கொதி" என்றார்.

அது மாமியின் வார்த்தை. அவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்தால் ஏன் தடுக்கவில்லை, ஏன் தன் பாவம் என்று உருகினார்? இல்லை, நாங்கள் வெளியே பேசியது அவர் காதில் விழுந்துவிட்டதா? அந்த மருத்துவமனையின் தடுப்புச் சுவர் வெறும் பலகைதான். இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமிக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் குடையை மடித்துக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே மடித்திருந்த குடையை.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. வெளியே போனார். சாக்பீஸ் சத்தம் கேட்டது. "இங்கே தரப்படும் பற்கள் ஏற்கெனவே வெந்தவை. மறுபடி வேகவைக்க வேண்டாம்."

அதைப் படித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. கூடாது என்றால் மாமி கேட்கமாட்டார். வேறொரு அடுப்பைத் தேடுவார். அவரைத் தனியாக உட்காரவைத்து, லாபில் நடப்பதைச் சொன்னேன். மெழுகில் நட்ட பல்லை ஒரு சின்னப் பாத்திரத்தில் சாந்துக்குள் பதித்து, மெழுகை வெந்நீரால் உருக்கி எடுத்து, அந்தக் குழியில் பிளாஸ்டிக் மாவை அடைத்து, பாத்திரத்தை இறுக்கி மூடி, தொட்டி நீரில் மணிக்கணக்காகக் கொதிக்கவைக்கிறார்கள். அக்னி தொடாத பல் எங்களிடமிருந்து வெளியே போவதில்லை.

மாமி யோசித்தார். "என்ன பாத்திரம்?"

"பித்தளை மாமி."

"பித்தளைன்னா சரி." இன்னும் யோசித்தார். "அதுல வேற ஏதாவது சமைப்பாளோ?"

ஷிண்டே சாயங்காலங்களில் அதே தொட்டித் தண்ணீரில் முட்டை அவித்துச் சாப்பிடுவது வழக்கம். சுவையாக இருக்கும் என்று எனக்கும் ஒரு தடவை நீட்டியிருக்கிறார்.

"அந்தப் பாத்திரத்துல ஒண்ணும் பண்ண மாட்டா மாமி" என்றேன். அது முழு உண்மை. தண்ணீரைப் பற்றி மாமி கேட்கவில்லை.

மூன்றாவது செட் ஆடவில்லை. ஆவணி அவிட்டத்தன்று மண்டபத்துக்குப் போய்வந்த அப்பா, சாஸ்திரிகளின் குரல் கடைசி வரிசைவரை கேட்டது என்றார். குழுவினர் முன்ஜாக்கிரதையாக மாதுங்காவிலிருந்து வரவழைத்திருந்தவர் மந்திரம் ஏதும் சொல்லத் தேவைப்படாமல், பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மதிய ரயிலில் திரும்பினாராம். சாப்பாட்டுக்கு முன் சாஸ்திரிகள் பல்லைக் கழற்றி ஒரு சின்னச் சொம்பில் போட்டு மூடி வைத்தார். பித்தளைச் சொம்பு.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. வேலையை விட்ட பிறகு பல்லோடு உள்ள சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். எங்களோடு இருக்கும் என் மாமனாருக்கும் செட்தான், டாக்டர் லிமயே கட்டியது. ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர், ஒரேயடியாக இம்ப்ளாண்ட் போட்டுவிடலாம் என்கிறார். "எழுபத்தஞ்சு வயசுல தாடையில போர்வெல் போடணுமாடா?" என்று மாமனார் கேட்கிறார். எலும்பு போதுமா, சர்க்கரை எவ்வளவு, ஆறு மாதம் பொறுப்பாரா என்று இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்லி, இரண்டு பேரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாமனார் சாப்பிட்டுவிட்டுப் பல்லை அலம்பிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் கையை நீட்டி அதை எடுத்து, தனக்கு முளைத்திருக்கும் இரண்டு பல்லால் ஆசையாகக் கடித்தாள். அவர் வெறும் ஈறு தெரியச் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த நேரத்தில் வாயில் இருந்தது இரண்டே பல். நான் மட்டும் சிரிக்கவில்லை. இது அவள் எச்சிலா, அவர் எச்சிலா?

குழந்தை மருத்துவர், அவள் வாய்க்குப் போகிற எதையும் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் லிமயேயின் பலகை என்ன சொல்கிறது என்று எனக்கு மனப்பாடம். கிண்ணத்தைப் பரண்மேல் வைக்கலாம். மாமனாரால் எட்டி எடுக்க முடியாது. கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் அவளுக்கும் எட்டும். இனி தொடாதே என்று சொன்னால் கேட்கிற வயதும் அவளுக்கு இல்லை, வருத்தப்படாமல் இருக்கிற வயதும் அவருக்கு இல்லை.

இன்று காலை பால் புட்டிகளைக் கொதிக்கவைக்கும்போது பார்க்கிறேன், இடுக்கியில் மாமனாரின் மேல் செட் இருக்கிறது. அதை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கொதிதான்.

செட்டைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். நாளைக்கும் வைப்பேனா என்று சொல்ல முடியவில்லை. என் கையால் அது நெளிந்து, மாமனார் பல் ஆடுகிறது என்று டாக்டர் லிமயேயிடம் போய், யார் சமைத்தது என்று அவர் கேட்டால், எங்கள் வீட்டில் "நான்தான்" என்று சொல்ல ஒருவரும் இல்லை; என்னைத் தவிர.

ஆகவே, வாசகர்களில் பேரன் பேத்தியையும் பல் செட்டையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அதை எங்கே வைத்தீர்கள்? எதில் அலம்பினீர்கள்? எச்சில் என்று நினைத்தீர்களா? சீக்கிரம் எழுதினால் நல்லது. அடுப்பை சிம்மில்தான் வைத்திருக்கிறேன்.